நாலாவது மாடி, பதினாறாம் எண்

வேலையில் சேர்ந்த அன்று
என்னிடம் சொன்னது ஒன்றுதான்:
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்,
அதற்குத்தான் சம்பளம்.

டார்ட்டு நகரத்து அன்னெலினில்
ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள்.
அவற்றில் ஒன்றில்
தனியாக வாழப் பழகிப் பார்க்க ஒரு வீடு.
ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு சாவி.
மூன்று மாதத்துக்கு அது ராய்டோவுடையது.

ராய்டோவுக்கு இருபத்துநாலு.
எனக்கு அவனைவிட ஒரு வயது குறைவு.
இதை அவன் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறான்,
பஸ் டிரைவரிடம்கூட.

உருளைக்கிழங்கு உரிக்கிறான்.
தோலோடு பாதிக் கிழங்கும் போகிறது.
முதுகுக்குப் பின்னால் என் விரல்கள்
ஒன்றையொன்று கிள்ளிக்கொள்கின்றன.
மிஞ்சியது கோலிக்குண்டு அளவு.
வேகவைத்து, வெண்ணெய் போட்டு,
சதகுப்பைத் தழை கிள்ளித் தூவி
நல்லா இருக்கு என்று அவனே சொல்லி
அவனே சாப்பிட்டு முடிக்கிறான்.
எனக்கு ஒரு வாய் வைக்கவில்லை.

கோட்டுப் பொத்தான்: பதினோரு நிமிடம்.
ஆறாவது நிமிடத்தில் புரிந்தது,
பொறுமை என்று நான் நினைத்திருந்தது
வெறும் மரியாதைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மா ஸிர்யே
எனக்குத்தான் போன் செய்வாள்.
அடுப்பை அணைத்தானா,
காதுவரைக்கும் குல்லா இழுத்துவிட்டானா.
அவனிடமே கேளுங்களேன் என்பேன்.
கொஞ்ச நேரம் பேச்சிருக்காது.
இருபத்துநாலு வருஷம்
அவன் ஷூ லேஸைக் கட்டிய கை
அந்தப் பக்கம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ.

செவ்வாய்க்கிழமை, பனி.
மூன்றாம் எண் பஸ்ஸில் அவன் முன்னால்,
கடைசி சீட்டில் யாரோ போல நான்.
பேங்குக்கு இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே
ஆற்றுப் பாலத்தருகே இறங்கிவிட்டான்.
நானும் குதித்தேன்,
ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

நாயோடு நின்றவளிடம் வழி கேட்டான்.
அவள் குனிந்து,
தொட்டில் குழந்தையிடம் பேசுகிற குரலில்
ஒவ்வொரு சொல்லாக ஊட்டினாள்.
எனக்குக் காது நல்லாக் கேட்கும்,
வழி மட்டும் சொல்லுங்க, என்றான்.
நாய்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தது.

அடுத்த பஸ் வந்தது.
அவன் ஏறினான்.
நான் ஓடி வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

அதன்பின் நான் ஓடியதை
எந்த அறிக்கையிலும் எழுதப்போவதில்லை.
பேங்கில் இல்லை. கடையில் இல்லை.
குளிரில் என் போன் உயிரை விட்டிருந்தது.
அன்னெலின் வரைக்கும் நடையும் ஓட்டமுமாக வந்து
நாலு மாடி ஏறி
பதினாறாம் எண்ணைத் தட்டினேன்.

யாரது?
நான்தான், மாரெட்.
போன் பண்ணிட்டு வந்தியா?

மூன்று வாரம் நான்தான் ஒத்திகை பார்க்க வைத்தேன்.
தபால்காரியாக, குழாய் பழுதுபார்ப்பவளாக,
ஊரிலிருந்து வந்த அத்தையாக நடித்து,
திறந்த ஒவ்வொரு தடவையும்
தப்பு ராய்டோ, மறுபடி, என்று.

போன் செத்துப்போச்சு ராய்டோ.
உள்ளே யோசிக்கிற சத்தம்
எனக்குக் கேட்டது, சத்தியமாக.
கெட்டில் கொதித்து அடங்கியது.
அடுப்புத் திருகு டக்கென்று நின்றது.
அப்போ நாளைக்கு வா.
பேங்க்ல பணம் எடுத்துட்டேன், என்றான்,
நான் கேட்காமலேயே.

படிக்கட்டில் உட்கார்ந்தேன்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது.
கைகள் மடியில் கிடந்தன.
பின்னால் கட்ட வேண்டிய தேவை இல்லை,
வேறென்ன செய்வதென்றும் தெரியவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் அதே டிரைவர்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.
நீங்கதானே, என்றார்,
அவரைவிட ஒரு வயது சின்னவங்க?